காட்டில் இருக்கும் கட்டுப்பாடு கரையில் ஏன் இல்லை?

(கனகசெட்டிக்குளத்தில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நண்பர்களோடு கடலுக்கும் காட்டுக்கும் போய்வருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதில் பேச என்ன இருக்கிறது, போய்விட்டு வரவேண்டியதுதானே என்று பின்வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. சரியான கேள்விதான். வேலையில்லாத் திண்டாட்டம், கடல் அரிப்பு, டீசல் விலை என்று பேச எத்தனையோ இருக்க, பொழுதுபோக்குக்கு ஒரு மேடையா? ஆனால் யோசித்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து இந்தக் கரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பொழுதைப் போக்கத்தான் வருகிறார்கள். நம் பிள்ளைகள் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புவதும் அதற்குத்தான். கடலில் குளிக்கப் போய்ப் பிணமாகத் திரும்புகிறவனும் சந்தோஷமாக இருக்கக் கிளம்பி வந்தவன்தான். ஆகவே இதையும் ஒருநாள் உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும்.

வெளியூர்க்காரர்கள் சிலரும் இருப்பதால் நம் ஊர் இருக்கிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. பிறகு காலாப்பட்டு வந்தால் மறுபடியும் புதுச்சேரி. கனகசெட்டிக்குளம் முடிந்தால் மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பிடித்து ஆண்ட நிலம் இது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி முழுமையானது. ஆனால் கோடுகள் மட்டும் அன்று போட்டபடியே கிடக்கின்றன. அதனால் நமக்கு ஒரு விசித்திரம் வாய்த்திருக்கிறது. நம் கடல் புதுச்சேரியில் இருக்கிறது. அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பழைய காடு, கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு, தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. சைக்கிள் மிதித்தே போய்விடலாம். காலையில் காட்டையும் மாலையில் கடலையும் பார்க்க நினைக்கும் நண்பர் கூட்டம், நம் பக்கத்தில் ஒரு மாநில எல்லையைக் கடந்து திரும்பிவிடும்.

எல்லை என்றதும் சிலர் முகத்தில் சிரிப்பு தெரிகிறது. எதற்கு என்று எனக்கும் தெரியும். வடக்கேயிருந்து வருகிறவனுக்குப் புதுச்சேரி தொடங்கும் இடம் நம் ஊர். அவன் முதலில் தேடுவது கடலை அல்ல, மதுக்கடையை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம்மில் பலர் காடு என்று நினைத்துக்கொண்டிருப்பது சவுக்குத் தோப்பை. சவுக்கு நம் மண்ணின் மரம் அல்ல. விறகுக்காகக் கடலோரம் நெடுகக் கொண்டுவந்து நட்டது. வரிசையாக நிற்கும், காற்று அடித்தால் இரையும், படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் கீழே குனிந்து பாருங்கள், ஊசிச் சருகைத் தவிர அதிகம் எதுவும் இருக்காது. அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அது ஒரு பயிர், அவ்வளவுதான்.

நிஜமான காடு புத்துப்பட்டுக் கோயிலைச் சுற்றி இருக்கிறது. தாவரவியல்காரர்கள் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து இராமநாதபுரம் வரை கிழக்குக் கரையோரம் பட்டையாக இருந்த காடு இது. இன்றைக்குக் கோயில்களை ஒட்டியும் ஒதுக்குக் காடுகளிலும் துண்டு துண்டாகத்தான் மிச்சம் இருக்கிறது. நமக்கு மழை பெய்வது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வறட்சி. சித்திரை வெயிலில் மற்ற மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும்போது இந்தக் காடு மட்டும் கரும்பச்சையாக நிற்கும். இலைகளைத் தொட்டுப் பாருங்கள். தடிப்பாக, பளபளப்பாக, தோல்போல இருக்கும். தண்ணீரை எளிதில் விடாத இலை. மரங்கள் பெரிய உயரம் போவதில்லை. ஆனால் மரத்துக்கு மரம் கொடிகள் ஏறிப் பின்னிக்கொண்டிருப்பதால் உள்ளே போனதும் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும்.

வீரை மரத்தைப் பாருங்கள். அடிமரம் நேராக இருக்காது. பள்ளமும் மேடுமாக, பல தண்டுகள் சேர்ந்து ஒட்டிக்கொண்டதுபோல முறுக்கிக்கொண்டு நிற்கும். காசா மரம் பூக்கும் காலத்தில் போனால் கிளையோடு ஒட்டினாற்போல நீலநிறப் பூக்கொத்துகள். திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் சொல்லும் காயாம்பூ இதுதான். உலக்கைப்பாலை கோடையில் பழுக்கும். மஞ்சளாக, விரல்நுனி அளவு பழம். நாலு தின்றால் இனிப்பு தெரியும்; பத்து தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். மோதிரக்கண்ணி என்று ஒரு கொடி இருக்கிறது. பூக்காம்புக்குக் கீழே கொக்கி கொக்கியாகச் சுருண்டிருக்கும், பிடிமானத்துக்கு. சுருளைப் பறித்து விரலில் மாட்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம், பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இந்தப் பேச்சே.

இந்தக் காடு எப்படித் தப்பித்தது? சுற்றிலும் இருந்த நிலமெல்லாம் முந்திரியாகவும் சவுக்காகவும் மனைகளாகவும் மாறிவிட்டது. மேற்கே செம்மண் மேட்டில் இதே வகைக் காடு இருந்த இடம் வெட்டுண்டு, மழையில் மண் அரித்து, ஓடை ஓடையாகப் பிளந்து கிடந்தது. 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கியபோது அங்கே நிழலுக்கு ஒதுங்க மரம் அரிது. அதன்பின் வந்தவர்கள் லட்சக்கணக்கில் மரம் நட்டுத்தான் அந்தப் பூமியை மீட்டார்கள். அப்படி மீட்க முனைந்தபோது, இந்த மண்ணுக்கு எந்த மரம் உரியது என்று தெரிந்துகொள்ள அவர்களும் கோயில் காடுகளுக்குத்தான் வரவேண்டியிருந்தது. காலாப்பட்டில் 1985-இல் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் புத்துப்பட்டுக் காட்டின் மரங்களையும் கொடிகளையும் ஒவ்வொன்றாக அளந்து எழுதியிருக்கிறார்கள்.

காட்டைக் காப்பாற்றியது சாமி பயம் என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். பயம் மட்டும் போதாது என்பது என் கட்சி. பயமிருக்கும் இடத்துக்கு ஆள் வரமாட்டான். ஆள் வராத இடத்தை வெட்டினால் கேட்க நாதி இருக்காது. புத்துப்பட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். பல ஊர்க் குடும்பங்களுக்கு இந்த அய்யனார் குலதெய்வம். மொட்டை போட, காது குத்த, பொங்கல் வைக்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது வேனில் வருகிறார்கள். மரத்தடியில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டு, பிள்ளைகளை ஓடவிட்டு, ஒரு குட்டித்தூக்கம் போட்டு, பொழுது சாய்ந்ததும் கிளம்புகிறார்கள். பக்தி எவ்வளவு, உல்லாசம் எவ்வளவு என்று இதைப் பிரிக்க முடியாது. பேரப்பிள்ளையின் காதுகுத்துக்கு வருகிற பாட்டி, தான் காது குத்திக்கொண்ட மரத்தைத் தேடுகிறாள். அது அங்கே இல்லாவிட்டால் கேள்வி கேட்பாள். அத்தனை பேருக்கும் வேண்டிய இடமாக இருந்ததால்தான் அது இடமாகவே நின்றது.

வந்த கூட்டம் ஒரு கட்டுப்பாட்டோடு வந்தது. பச்சைக் கிளையை ஒடிக்கக் கூடாது. விறகு காய்ந்து விழுந்ததாக இருக்கவேண்டும், அதையும் அங்கேயே எரித்துவிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. நம் பக்கத்துக் கோயில் காடுகளில் பொதுவாக இருக்கும் வழக்கம் இது. யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. தாத்தா சொன்னார், அப்பா செய்தார், பிள்ளை பார்த்தது.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இப்போது கோயிலை ஒட்டிய தரையைப் பாருங்கள். வண்டிகள் ஏறி இறங்கி மண் இறுகிவிட்டது. இறுகிய மண்ணில் விதை முளைக்காது. பெரிய மரம் இருக்கும், அதன் கன்று இருக்காது. பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர் பாட்டிலும் கொடிகளுக்குள் சிக்கிக் கிடக்கின்றன. கிளையை ஒடிக்காதே என்று சொன்ன தாத்தாவுக்குப் பிளாஸ்டிக் தெரியாது. அந்த விதியைப் புதுப்பிக்கவேண்டிய பொறுப்பு நம்முடையது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாடு என்ற பெயரில் சிலரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவைக்கும் வழக்கமும் நம் பக்கத்து ஊர்களில் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டை நான் கேட்கவில்லை. அது போய்த் தொலையட்டும்.

இனி கடற்கரைக்கு வருகிறேன்.

கடற்கரையில் கூடிக் களிப்பது வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டினப்பாலையைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர்கள் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் ஓய்ந்திருந்து, சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வணங்கி, பூச்சூடி, உண்டு குடித்து விளையாடியதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். நண்டு பிடித்து ஆட்டுகிறார்கள், அலையில் குதிக்கிறார்கள், மணலில் பாவை செய்கிறார்கள். கடலில் குளித்துவிட்டு உப்புப் போக நல்ல தண்ணீரில் முழுகவும் மறக்கவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் கரையில் நடப்பதும் இதேதான், சுறாக் கொம்பு ஒன்றைத் தவிர. அந்தக் கொம்பு சும்மா நட்டதல்ல என்பது என் எண்ணம். குடித்தார்கள், கும்மாளம் போட்டார்கள். ஆனால் யாருடைய கரையில் நிற்கிறோம் என்று முதலில் ஒரு மரியாதை செய்துவிட்டுப் போட்டார்கள்.

நம் புதுச்சேரியிலேயே நண்பர் கூட்டத்துக்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. பாரதி 1908-இல் இங்கே வந்து 1918 வரை இருந்தார். வ.வே.சு. ஐயர், மண்டயம் சீனிவாசாச்சாரியார், 1910-இல் வந்து சேர்ந்த அரவிந்தர், குவளைக்கண்ணன், இளைஞராக இருந்த பாரதிதாசன் என்று ஒரு கூட்டம். பிரிட்டிஷ் அரசின் ஒற்றர்கள் தெருமுனையில் நிற்பார்கள். கையில் காசு இருக்காது. அப்படிப்பட்டவர்கள் எங்கே போவார்கள்? மாலையில் கடற்கரை, பகலில் தோப்பு. குயில் பாட்டு பிறந்ததாகச் சொல்லப்படும் தோப்பு முத்தியால்பேட்டைப் பக்கம், நாம் பேருந்தில் கடந்துபோகிற இடம். அந்தத் தோப்புக்கு டிக்கெட் கிடையாது, செல்பி எடுக்கும் மேடை கிடையாது. நண்பர்கள் இருந்தார்கள், பேச்சு இருந்தது.

1916 நவம்பரில் புதுச்சேரியைப் பெரும்புயல் அடித்தது. அதைப் பற்றிப் பாரதி எழுதிய பாட்டுகளில் ஒன்றுக்குத் தலைப்பு ‘பிழைத்த தென்னந்தோப்பு’. ஊரே சாய்ந்தபோது தப்பி நின்ற ஒரு தோப்பு அவர் கண்ணில் பட்டிருக்கிறது. நம் தலைமுறைக்கு 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். அன்று காலையில் இந்தப் பக்கம் எத்தனை மரம் விழுந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். சீக்கிரம் வளரும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவைதான் ஆரோவில் பக்கம் அதிகம் சாய்ந்தன. மண்ணின் மரங்கள் கிளையை இழந்து நின்றன, மறுபடி துளிர்த்தன. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயல் நம் வீட்டுக்கு அடிக்கடி வருகிற விருந்தாளி. நாம் உட்கார்ந்து பேசுகிற மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதை நினைவில் வைக்கவேண்டும்.

சரி, கரையில் என்ன கோளாறு? வெளியிலிருந்து வருகிறவனுக்கு இது வெறும் மணல். நமக்கு இது தொழிற்சாலை, முற்றம், சந்தை எல்லாம். படகு ஏறும் இடம், வலை காயும் இடம், நெத்திலி உலரும் இடம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. படகைத் தள்ளி ஏற்ற இன்னும் அதிக இடம் வேண்டியதாயிற்று. கரைவலை இழுக்க வேண்டுமானால் கல் இல்லாத நீண்ட மணல் வேண்டும். இந்த நிலையில் ஒருவன் பீர் பாட்டிலை உடைத்து மணலில் புதைத்துவிட்டுப் போகிறான். அடுத்த நாள் விடியற்காலையில் வெறுங்காலோடு கயிறு இழுக்கிறவன் காலில் அது ஏறுகிறது. அந்தக் கால் ஆறும்வரை அவன் வீட்டில் சம்பாத்தியம் இல்லை. பாட்டிலை உடைத்தவன் கெட்டவனாக இருக்கவேண்டும் என்பதில்லை. அவனும் ஊருக்குப் போனால் குலதெய்வம் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவான். இங்கே அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லை தாண்டினால் குடிக்கலாம் என்பது ஒன்றைத்தான் நாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

உயிர் போகிற விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், மன்னியுங்கள்.

அலை கரையை நோக்கித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர் திரும்பிப் போகவேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கடியில் மணல்திட்டு ஒன்று நீளமாகக் கிடக்கும். அதில் எங்காவது ஒரு உடைப்பு இருக்கும். தேங்கிய தண்ணீரெல்லாம் அந்த உடைப்பு வழியாகப் பாய்ந்து வெளியே போகும். இப்போது கரையிலிருந்து பாருங்கள். திட்டு இருக்கும் இடத்தில் அலை வெள்ளையாக உடையும். பார்க்கவே பயமாக இருக்கும். உடைப்பு இருக்கும் இடத்தில் அலை உடையாது. கொஞ்சம் கருத்து, அமைதியாக இருக்கும். நீச்சல் தெரியாதவன் எங்கே இறங்குவான்? அமைதியான இடத்தில்தான். அதுதான் இழுத்துப் போகிற இடம். இந்த இழுப்பு விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகம்கூடப் போகும். ஒலிம்பிக் நீச்சல் வீரரின் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். எதிர்த்து நீந்துகிறவன் களைத்து மூழ்குகிறான். எதிர்க்காமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டுவிடும். பிறகு அலையே கரைக்குத் தள்ளும். நீந்தத் தெரியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்தவேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பிள்ளைகள் செத்திருக்கிறார்கள்!

கல் கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இந்த இழுப்பு இன்னும் மோசம். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் கடைசியில் கல் சுவர்கள் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. அது சுவரில் தடுக்கப்பட்டு நின்றது. வடக்கே இருக்கும் ஊர்களுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. சோலை நகர் தொடங்கிக் கரை தேய்ந்தது. தேய்ந்த இடத்துக்குக் கல் கொட்டினார்கள்; அதற்கு வடக்கே தேய்ந்தது; அங்கேயும் கல் கேட்டார்கள். தூண்டில் வளைவு என்னும் கல் தடுப்பு வேண்டும் என்று ஒவ்வொரு குப்பமும் கேட்பதில் எனக்குக் கோபமில்லை. வீடு போகிறவன் என்ன செய்வான்? ஆனால் கல்லின் ஓரமாகத் தண்ணீர் சுழித்து வெளியே இழுக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். படம் எடுக்க அழகாக இருக்கிறதென்று கல்லின் மேல் ஏறி நிற்பதும், அதன் அருகே இறங்குவதும் கூடாது.

2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். நண்பர்களாக வந்தவர்கள். கள்ளக்கடல் எழும் என்று கடல் தகவல் மையம் அப்போது எச்சரித்திருந்தது. காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் தொலைதூரப் புயலின் அலை வந்து கரையில் ஏறுவதுதான் கள்ளக்கடல். படித்த பிள்ளைகள். நாளைக்கு மற்றவர்கள் உயிரைக் காப்பாற்றவேண்டியவர்கள். எச்சரிக்கை இருந்தது, ஆனால் அவர்கள் நின்ற இடத்தில் ‘தம்பி, இன்னைக்கு வேணாம்’ என்று சொல்ல ஆள் இருந்திருந்தால்? நம் பக்கத்திலும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து படிக்கிறவர்கள். கடலை முதன்முதலாக இங்கே பார்க்கிறவர்கள் அவர்களில் உண்டு.

அந்தக் கடலை நாம் படித்து வைத்திருக்கிறோம். சோழமண்டலக் கரை மீனவர்களுக்கு வடக்கேயிருந்து வரும் ஓட்டம் வண்ணி, தெற்கேயிருந்து வருவது தெண்டி. வாடை அடித்தால் ஒரு கடல், கச்சான் அடித்தால் வேறு கடல். படகைக் கரையேற்றும்போது எந்த இடத்தில் அலை ஏமாற்றும் என்று நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே சின்னவீராம்பட்டினம் ஈடன் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அங்கே உயிர்காப்பாளர் உண்டு. நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு கரைக்கும் நீலக்கொடி வரும்வரை காத்திருக்க முடியாது. வந்தால் கூடவே வேலியும் கட்டணமும் வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையில் இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். புத்துப்பட்டுக் காட்டில் பெண்கள் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தானையை விரித்துப் படுத்துக்கூட விடுகிறார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. அதே பெண் நம் கடற்கரையில் சாயங்காலம் தோழியோடு அரைமணி நேரம் உட்கார முடியுமா? காலையில் மீன்கூடையைச் சுமந்து வரலாம், ஏலத்தில் நின்று சண்டை போடலாம், அது வேலை. வேலை இல்லாமல் சும்மா உட்காரத்தான் அவளுக்கு இடமில்லை. நாலு பையன்கள் பாட்டிலோடு ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டால் அந்த மணல் முழுக்க அவர்களுடையது. மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் பாரதியைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படியுங்கள். நூறு வருஷத்துக்கு முந்திய புதுச்சேரியில் ஒரு சிறுமி கடற்கரைக்குப் போய் வந்தது அதில் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இன்று அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டால், இங்கே உட்கார்ந்திருக்கும் தங்கைகளே பதில் சொல்லட்டும். நான் ஆண்பிள்ளைகளைத் திட்டவில்லை. ஒரு கூட்டத்தின் சந்தோஷம் இன்னொரு கூட்டத்தை வீட்டுக்குள் அடைக்கிறதென்றால் அதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

தையிலிருந்து பங்குனி வரை இரவில் கரையில் நெருப்பு மூட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அது பங்குனி ஆமை ஏறும் காலம். பெட்டை ஆமை அலைக்கு எட்டாத மேட்டுக்கு ஊர்ந்துவந்து, பின்காலால் குழி பறித்து, நூறு முட்டைக்கும் மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏழு வாரம் போல் கழித்துக் குஞ்சுகள் இரவில் வெளியே வந்து வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். கடல்மேல் இருக்கும் மெல்லிய வெளிச்சம்தான் அவற்றுக்கு வழி. நீங்கள் நெருப்பு மூட்டினால் உங்களை நோக்கி வரும். இரவில் கடற்கரையில் உட்காரக் கூடாதா என்றால், உட்காரலாம். நெருப்பு வேண்டாம். நிலா இருக்கிறது.

அப்படியானால் எப்படிப் போவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதில் வருகிறது. விசைப்படகுகள் நிற்கும், வலை பின்னுகிற பெரியவர்கள் கரையில் இருப்பார்கள். பாலைப்பழம் கனியும் காலமும் அதுதான். காலையில் காட்டுக்குப் போங்கள், தண்ணீரைச் சொந்தப் பாத்திரத்தில் கொண்டுபோங்கள், ஒரு மரத்தின் பெயரையாவது தெரிந்துகொண்டு வாருங்கள். கோயில் காட்டில் அடுப்பு மூட்டுவது பொங்கல் வைக்கிறவர்களோடு நிற்கட்டும். நண்பர் கூட்டம் வீட்டிலேயே கூட்டாஞ்சோறு ஆக்கி எடுத்துப் போனால் போதும். பொழுது சாய்ந்ததும் கரைக்கு வாருங்கள். வலை பின்னுகிறவரிடம் இன்றைக்குக் கடல் எப்படி என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் காலை மட்டும் நனைத்துவிட்டுப் போங்கள். கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் பக்கத்துக் கரை இதுதான். அவர்களையும் சேர்த்துக்கொண்டு பந்து விளையாடுங்கள்.

இப்போது உங்களிடம் ஒரு கோரிக்கை. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் மாலை மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை கடல் தெரிந்த இரண்டு பேர் நம் கரையில் நிற்கவேண்டும். கையில் ஒரு விசில், நீளமான நைலான் கயிறு, அதன் நுனியில் மூடி இறுக்கிய வெற்று இருபது லிட்டர் தண்ணீர் கேன். மூழ்குகிறவனைப் பிடிக்க யாரும் வெறுங்கையோடு பாயக்கூடாது. காப்பாற்றப் போனவனும் சேர்ந்து போவது நடக்கிறது. கேனைத்தான் வீசவேண்டும். உடைப்பு இருக்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு ஒன்றை நடுங்கள். உடைப்பு இடம் மாறும். கம்பும் அதனோடு மாறட்டும். பல்கலைக்கழக மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் உங்களோடு நின்றால், தண்ணீரிலிருந்து தூக்கப்பட்டவனுக்கு மூச்சு கொடுப்பது எப்படி என்று அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். கடலைப் பார்ப்பது எப்படி என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லித்தாருங்கள். வாரத்தில் ஒரு மாலை அந்தக் கரையைப் பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் விட்டுக்கொடுங்கள். அன்றைக்குப் பாட்டில் எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் மீறுகிறவர் இருக்கமாட்டார்.

கயிறும் கேனும் வாங்க ஆகும் காசை இங்கே உட்கார்ந்திருப்பவர்களே போட்டுவிடலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பேர் மட்டும் வேண்டும். கூட்டம் கலைவதற்குள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.